ஏழாம் நம்பர் பூட்டு

டைபாய்டு என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அண்ணன் சர்டிபிகேட்டே வாங்கி வந்துவிட்டான். ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து, ஐந்து நாள் காய்ச்சல். நான்தான் கெடுத்தேன். ஏன் கெடுத்தாய் என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆமாம், பொம்பளைதான். பதினாறு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்று கேட்பவர்களிடம் "வந்தாச்சு, உள்ள போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் ஏறி இறங்கும் ஆழத்தை நாங்கள் கிணறு என்போம். கிணற்றுக்குள் கால் வைக்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் நம் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. ஒவ்வொன்றிலும் நம்பர் வெட்டியிருக்கும். என்னுடையது ஏழு. அதை நான் மட்டும்தான் திறக்கலாம், மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. பூட்டு தொங்குகிறதா, ஆள் உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் பேச்சு இல்லை. எவனாவது அவசரக்குடுக்கை ஸ்விட்சைத் தட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் கதி அதோகதிதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நாங்களாக வைத்துக்கொண்டது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே இருக்கும்போது, எதையாவது அசைக்கும் முன் "இருக்கியா?" என்று குரல் கொடுப்போம். "இருக்கேன்" என்று பதில் வந்தால்தான் கை வைப்போம். பதினோரு வருஷமாக எனக்குக் குரல் கொடுப்பவன் பல்லி. என்னைவிட எட்டு வயது சின்னவன். சுவரில் பிடிப்பே இல்லாத இடத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்பான் என்பதால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் ஏதாவது அபசகுனமாகச் சொல்லுவான், அதனாலும் அந்தப் பெயர்.

இப்போது வியாதிக்கு வருகிறேன்.

முதலில் தூக்கம் போனது. அடுத்து பசி. பிறகு கோபம் போனது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அறிகுறி என்று புரியும். கடைக்காரர் அழுகின தக்காளியைப் பையில் போட்டார், வாங்கிக்கொண்டு வந்தேன். மகள் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். சிரிக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும், பல்லைக் காட்டுவேன், உள்ளே ஒன்றும் நடக்காது. பெற்ற பிள்ளை சிரிப்பைப் பார்த்து ஒன்றும் தோன்றாமல் நிற்பது எப்படி இருக்கும் தெரியுமா? கொடுமை. அதைக் கொடுமை என்று உணரக்கூட அப்போது எனக்குத் தெம்பில்லை.

அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. காலையில் நட. தண்ணீர் நிறையக் குடி. மனசை நல்லபடியா வச்சுக்கோ. "உனக்கென்னடி குறைச்சல்? தங்கமான புருஷன், முத்தா ஒரு பொண்ணு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. குறைச்சல் ஒன்றுமில்லை, அதுதானே தொல்லை. காரணம் என்று ஒன்று இருந்திருந்தால் அதன் சட்டையைப் பிடித்திருக்க மாட்டேனா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது அதைவிட மோசம், தனக்கு வந்தாலும் தெரியாது. சோம்பேறி ஆகிவிட்டோம், அவ்வளவுதான் என்றுதான் நானே என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்படித் திட்டிக்கொண்டே ஒரு வருஷம் வேலைக்குப் போனேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. கிணற்றின் அடியில் இருக்கும் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். காலை பத்து மணிக்கு மேலே மெஷின் ரூமில் ஸ்விட்சை அணைத்துப் பூட்டைப் போட்டேன். கதவு உருளை ஒன்று தேய்ந்திருந்தது. வேறு வாங்கி வர பல்லி ஸ்டோருக்குக் கிளம்பினான்.

"நான் வர்றவரைக்கும் தனியா இறங்காதக்கா."

"போடா, எனக்குத் தெரியும்" என்றேன்.

மெஷின் ரூம் படியில் உட்கார்ந்தேன். கையுறையை மாட்ட வேண்டும். மடியில்தான் கிடந்தது. கை இருந்தது, கையுறை இருந்தது, மாட்டுகிற ஆள் இல்லை. இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, எழுந்தேன். பையை எடுக்கவில்லை. ஹெல்மெட்டை எடுக்கவில்லை. பன்னிரண்டு மாடியும் படி வழியாக இறங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, போனை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டேன். பூட்டு அங்கே தொங்கியது. சாவி என் சட்டைப்பையில் என்னோடு படுத்திருந்தது.

மாலை நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து போர்வையை விலக்கினார். அவர் ஸ்கூல் பஸ் டிரைவர். காலையில் டியூட்டிக்குப் போனால் முடியும்வரை போனைத் தொட மாட்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பார்த்தபோது நாற்பத்திரண்டு அழைப்புகள் இருந்தனவாம். என் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியே போய்ப் போனில் "இருக்கா. வீட்லதான் இருக்கா" என்று சொன்னது கேட்டது. திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். பதினெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பூட்டு தொங்கியதால் எல்லோரும் என்னைக் கிணற்றுக்குள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். படியில் பை இருக்கிறது, கையுறை இருக்கிறது, ஆளைக் காணோம். பூட்டைப் போட்டுவிட்டு எந்த மெக்கானிக்காவது வீட்டுக்குப் போவானா? போக மாட்டான். தீயணைப்புக்காரர்கள்கூட வந்திருக்கிறார்கள். நான் வீட்டில் இருப்பது தெரிந்த பிறகுதான் மேனேஜர் கட்டர் வைத்து ஏழாம் நம்பரை வெட்டியிருக்கிறார். அதுவரை ஒன்பதாம் மாடி அம்மா ஒருவர், காலில் மாவுக்கட்டோடு, கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்த புகாரில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

அடுத்த புதன்கிழமை விசாரணை என்று ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. அதற்கு நாலு நாள் முன்னால் அண்ணன் வந்தான். மருந்துக்கடையில் வேலை, ஊரில் பாதி டாக்டர்களைத் தெரியும். மேஜைமேல் சர்டிபிகேட்டை வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கத் தண்ணீர்ச் செம்பையும் அதன் மேல் வைத்தான்.

"டைபாய்டு. காய்ச்சல்ல தலை சுத்தி வீட்டுக்கு வந்துட்ட. என்ன பண்றோம்னே தெரியல. அவ்ளோதான் சொல்லணும்."

"பொய்தானே அண்ணா."

"காய்ச்சல்னா ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாங்க. மனசு சரியில்லன்னு சொல்லிப் பாரு, பூட்டைப் பிடுங்கிட்டுத் துரத்திருவாங்க. அப்புறம் ஊர்ல உனக்கு என்ன பேரு வரும் தெரியுமா?"

"என்ன பேரு?"

அவன் செம்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். என்மேல் பாசம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் யாராவது என்னை அடித்தால் அவன் போய் அடி வாங்கிக்கொண்டு வருவான், திருப்பி அடிக்கத் தெரியாது. இதுவும் அந்த மாதிரி வேலைதான்.

வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். தூக்கம் இல்லாத கண். எனக்கு அதனாலேயே அவரைப் பிடித்துப்போனது.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"வேலைக்குப் போயிட்டுதான் இருந்தீங்களா?"

"தினமும். லிஃப்ட் கூரைமேல நின்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "செத்துப் போகணும்னு தோணியிருக்கா?"

வீட்டுக்காரர் நாற்காலியில் அசைந்தார். அவர் இருக்கிறாரே என்று பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "இல்ல. ஆனா இருக்கணும்னும் தோணல" என்றேன். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"இதுக்குப் பேரு மனச்சோர்வு. சோம்பேறித்தனம் இல்ல. திமிர் இல்ல."

"திமிர் இருக்குங்க. அது தனி" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் ஒழுங்கான பேச்சு அதுதான். மாத்திரை எழுதினார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். மூன்று மாதம் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது, அதன் பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்று ஆபீஸுக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம் என்றார்.

ஆக, புதன்கிழமை காலை என் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று டைபாய்டு, ஒன்று உண்மை. கொடுக்கப் போவது டைபாய்டைத்தான் என்று எண்பது சதவீதம் முடிவு செய்திருந்தேன். வீரமெல்லாம் பேசுவேன், ஆனால் அந்தப் பூட்டு போய்விட்டால் நான் யார்? ஆபீஸில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதுகிற ஆளா? கையில் கிரீஸ் வாடை இல்லாத என்னை எனக்கே அடையாளம் தெரியாது.

ஆபீஸ் வாசல் பெஞ்சில் பல்லி உட்கார்ந்திருந்தான். அவனும் சாட்சி சொல்ல வேண்டும். எட்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் தள்ளி உட்கார்ந்தான்.

"கோவமாடா?"

"காய்ச்சல்னு சொல்லப் போறியாமே. உங்க அண்ணன் போன் பண்ணாரு. நானும் அப்படியே சொல்லணுமாம்."

அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். கொப்புளம் உடைந்து தோல் உரிந்து, புதுத் தோல் சிவப்பாக வந்திருந்தது.

"பன்னெண்டு மாடி ஏணி. மேல, கீழ, மறுபடி மேல. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு இருக்கியா, இருக்கியான்னு கத்தினேன். எதிரொலிதான் வந்துச்சு." அவன் கைகளை மூடிக்கொண்டான். "முதல்ல நான் எங்க போய்ப் பார்த்தேன் தெரியுமா?"

"எங்க?"

"குழிக்கு. கால் தவறியிருக்கலாம்னு போகல. நீயா விழுந்திருப்பன்னு போனேன். ஆறு மாசமா உன் மூஞ்சியப் பார்க்கிறேன்ல. எனக்குத் தெரியாதா? கேட்டா நீ திட்டுவன்னு கேக்கல. கேக்காம விட்டது என் தப்பு."

என் உயிர் எனக்கு ஒரு பொருட்டாக இல்லாத அதே நேரத்தில், ஒருவன் அதை டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"நீ காய்ச்சல்னே சொல்லுக்கா. நானும் சொல்றேன்" என்றான். "ஆனா ஒண்ணு. அடுத்த தடவை உன்னைக் காணோம்னாலும் நான் குழியிலேருந்துதான் தேட ஆரம்பிக்கணும்."

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டான். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். ஒரு வருஷமாக எங்கே போயிருந்ததோ, மொத்தமாகத் திரும்பி வந்தது. அந்த வியாதிமேல் கோபம், அண்ணன் வைத்த செம்பின்மேல் கோபம், கையில் தோல் உரிய ஒருத்தனை ஏறவைத்த என் வாய்மூடித்தனத்தின்மேல் கோபம். அப்பாடா என்றிருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள்.

மேனேஜர் மேஜையில் வெட்டுப்பட்ட ஏழாம் நம்பர் பூட்டு கிடந்தது. அவர் படிவத்தில் எழுத ஆரம்பித்ததும் மேஜை ஆடியது. அது நாலு வருஷமாக ஆடுகிறது. ஒரு கால் குட்டை.

"காய்ச்சல்னு கேள்விப்பட்டேன்" என்றார், எழுதத் தயாராக. நல்ல மனிதர்தான். எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர் கவலை. "சர்டிபிகேட் இருக்கா?"

நான் பையைத் திறந்து டைபாய்டை எடுத்தேன். நாலாக மடித்தேன். குனிந்து மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

"என்ன அது?"

"டைபாய்டு சார். இப்ப சரியாயிடுச்சு." டாக்டர் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதான் நிஜம்."

அவர் படித்தார். மறுபடி படித்தார். பல்லி சுவரோரம் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை நான் மேல அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"இந்த நிலைமையில உன்னை எப்படி லிஃப்ட் மேல ஏத்துறது?"

"ஒரு வருஷம் ஏத்துனீங்களே. அப்ப எனக்கு மாத்திரையும் இல்ல, டாக்டரும் இல்ல, உங்களுக்கு விஷயமும் தெரியாது. இப்ப மூணும் இருக்கு. எது ஆபத்து, நீங்களே சொல்லுங்க."

அவர் பேனாவைச் சுழற்றினார். "ரிஜிஸ்டர் வேலை இருக்கு. கௌரவமா உக்காந்து..."

"அது வேணாம் சார்." ரொம்ப நாளைக்குப் பிறகு என் குரல் என் குரலாக இருந்தது. "ஆறு மணி நேரம் அந்த அம்மாவ உக்கார வச்சது என் தப்பு. இவனை ஏணி ஏற வச்சது என் தப்பு. தண்டனை குடுங்க, வாங்கிக்கிறேன். மூணு மாசம் வெளி வேலை மட்டும் பார்க்கிறேன், கதவு, பட்டன், விளக்கு. டாக்டர் எழுதித் தந்தப்புறம் கிணத்துக்குப் போறேன். முடியாத நாள்ல காலையிலயே முடியலன்னு சொல்லிடுறேன், காரணத்தோட. போனை அணைக்க மாட்டேன். ஆனா ஏழாம் நம்பரை வேற யாருக்கும் குடுக்காதீங்க."

"இல்லன்னு சொன்னா?"

"நாளைக்கும் வந்து இதே நாற்காலியில உக்காருவேன். மேஜைதான் இப்ப ஆடலையே, சௌகரியமா பேசலாம்."

பல்லி இருமினான். அவன் இருமல் எனக்குத் தெரியும், அது சிரிப்பு.

உடனே எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. எழுத்தில் கடுமையான எச்சரிக்கை. ஒரு மாதம் வேலையில்லை. ஒன்பதாம் மாடி அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவை முழுசாகத் திறக்காமலே கேட்டுக்கொண்டார், அது அவர் உரிமை. ஆபீஸில் ஒருத்தன் என்னை 'லூசு' என்றான், முதுகுக்குப் பின்னால். நான் திரும்பி நின்று "முன்னாடி வந்து சொல்லு, நட்டு லூசா போல்ட்டு லூசான்னு பார்த்து முடுக்கிடலாம்" என்றேன். அதன் பிறகு அவன் சொல்லவில்லை. அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் என் மாத்திரையையே வாங்குகிறார்கள் என்று ரகசியக் குரலில் சொன்னான். "ரகசியமா ஏண்ணா சொல்ற?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, தெரியல என்றான்.

மூன்று மாதம் என்றது ஐந்து மாதம் ஆனது. முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். ஐந்தாம் மாதக் கடைசியில் மேனேஜர் புதுப் பூட்டு ஒன்றை நீட்டினார். ஏழு என்று வெட்டியிருந்தது. வாங்கி, சாவியைப் போட்டு இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தேன்.

போராடி ஜெயித்துவிட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன். அது போகவில்லை. சில மாதம் வராது, சில வாரம் வந்து நடு வீட்டில் உட்கார்ந்துகொள்ளும். உட்காரட்டும். அதற்காக நான் எழுந்து வெளியே போவதாக இல்லை. மாத்திரை விழுங்குகிறேன், டாக்டரிடம் போகிறேன், அழுகின தக்காளி போட்டால் கடையையே இரண்டாக்குகிறேன். மகள் சொல்வதற்குப் பாதி நாள் நிஜமாகவே சிரிக்கிறேன். மீதி நாள் "இன்னிக்கு சிரிப்பு வரலடி, ஆனா நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிடுகிறேன். அவளும் "சரி, பாக்கி வச்சுக்கிறேன்" என்கிறாள்.

போன வியாழக்கிழமை மறுபடி அப்படி ஒரு காலை. கண் விழித்தேன், எழ முடியவில்லை. எட்டு மணி. வீட்டுக்காரர் பஸ்ஸுக்குப் போய்விட்டார், மகள் பள்ளிக்கூடம். சீருடை ஆணியில் தொங்குகிறது. பக்கத்து ஆணியில் பூட்டு, சாவி அதிலேயே. எடுக்கக் கை வரவில்லை. பழைய குரல் உள்ளே ஆரம்பித்தது: உன்னால் எல்லோருக்கும் தொந்தரவு, போனை அணை, போர்வையை இழு. போன் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அணைப்பது ரொம்பச் சுலபம்.

அது அடித்தது. பல்லி. எடுத்துக் காதில் வைக்கவே இரண்டு கை தேவைப்பட்டது. பின்னால் மெஷின் ரூம் விசிறிச் சத்தம் கேட்டது. அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

"இருக்கியா?"

செருமினேன். உள்ளே முனகும் அந்தச் சனியன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"வரலடா இன்னிக்கு. ஆனா இருக்கேன்."